எல் கேப்பிட்டனைப் படமெடுக்க: கேள்வி பதில்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், மெர்செட் ஆற்றுக்கு வடக்கே செங்குத்தாக எழுந்து நிற்கும் கிரானைட் பாறை எல் கேப்பிட்டன். அடியிலிருந்து உச்சிவரை சுமார் 3,000 அடி. அதைப் படமெடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: காலையில போறதா, சாயங்காலமா? ஒரு நாள்தான் இருக்கு.

ஒரே பாறை என்றாலும் அதற்கு இரண்டு முகங்கள். தென்கிழக்கு முகத்தில் காலை வெயில் விழும், தென்மேற்கு முகத்தில் பிற்பகலிலிருந்து அஸ்தமனம் வரை. இரண்டும் சேரும் விளிம்பை 'மூக்கு' என்றே அழைக்கிறார்கள். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்று இருக்கும்போதுதான் அந்த விளிம்பு துருத்திக்கொண்டு தெரியும். கோடை நடுப்பகலில் சூரியன் 75 பாகை உயரத்தில் நிற்பதால் இரண்டு முகங்களும் ஒரே மாதிரி வெளுத்து, படம் சப்பென்று இருக்கும். டிசம்பரிலோ நண்பகலில்கூட 29 பாகைக்கு மேல் ஏறாது; பகல் முழுக்கச் சாய்ந்த வெயில்தான்.

ஒரு நாள்தான் என்றால் மாலையைத் தேர்ந்தெடுங்கள். டனல் வியூ, வேலி வியூ என்ற காட்சிமுனைகள் இரண்டும் பாறைக்கு மேற்கே இருப்பதால் மாலை வெயில் உங்கள் முதுகுப்பக்கமிருந்து வந்து பாறையில் விழும். காலையில் டனல் வியூவிலிருந்து எடுத்தால் எதிர்வெயில். மூடுபனி இருந்தால் மட்டும் அதுவும் அழகு.

கேள்வி: புல்வெளியில நின்னு 24 மி.மீ. லென்ஸ்ல எடுத்தேன். உச்சி வெட்டுப்படுது. கேமராவைத் தூக்கினா பாறை பின்னாடி சாயற மாதிரி வருது. என்ன பண்றது?

லென்ஸில் குறை இல்லை, கணக்கு அப்படி. எல் கேப்பிட்டன் புல்வெளியிலிருந்து உச்சி ஏறக்குறைய 40, 45 பாகை உயரத்தில் தெரியும். 24 மி.மீ. லென்ஸை நெடுவாக்கில், மட்டமாகப் பிடித்தால் அடிவானத்துக்கு மேல் 37 பாகைதான் அடங்கும் (எல்லாம் ஃபுல் ஃப்ரேம், அதாவது 36 × 24 மி.மீ. சென்சார் கணக்கு; மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி விரியும்). மிச்சத்துக்குக் கேமராவை அண்ணாத்த வேண்டும்; அண்ணாத்தினால் நேர்க்கோடுகள் மேலே போய்க் கூடும்.

16 மி.மீ. லென்ஸை மட்டமாகப் பிடித்தால் 48 பாகை வரை வரும். கீழ்ப்பாதி முழுக்கப் புல்லாக இருக்கும், வெட்டிவிடலாம். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்த வசதியுள்ள 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸை 12 மி.மீ. மேலே நகர்த்தினால் 51 பாகை கிடைக்கும். இதற்கென்றே செய்த கருவி அது, ஆனால் விலை அதிகம். இந்த ஒரு பாறைக்காக வாங்காதீர்கள். மூன்றாவது வழி, அண்ணாத்தி எடுத்துவிட்டு மென்பொருளில் நிமிர்த்துவது. நிமிர்த்தும்போது கீழ் மூலைகள் இரண்டும் ஆப்பு வடிவில் வெட்டுப்படும் என்பதால் பக்கவாட்டில் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். முழுக்க நிமிர்த்தவும் வேண்டாம். அண்ணாந்து பார்க்கும் கண் கொஞ்சம் கூம்பலை எதிர்பார்க்கிறது. முழுதாக நிமிர்த்தினால் தலை பெருத்த பாறையாகிவிடும். முக்கால்வாசி போதும்.

இதையெல்லாம்விட நல்ல வழி தள்ளி நிற்பது. எதிர்ப்பக்க டாஃப்ட் பாயிண்ட் கிட்டத்தட்ட பாறை உச்சியின் உயரத்திலேயே இருக்கிறது. அங்கே அண்ணாத்தும் தேவையே இல்லை. போக வர 2.2 மைல் நடை. அங்கே போகும் கிளேசியர் பாயிண்ட் சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும். பாறை விளிம்பில் பெரும்பகுதிக்குத் தடுப்புக் கம்பி கிடையாது, வ்யூஃபைண்டரில் கண் வைத்தபடி பின்வாங்காதீர்கள்.

கேள்வி: ஆத்துல பாறை தலைகீழா தெரியற படம் எங்கே, எப்போ கிடைக்கும்?

மே, ஜூனில் பனி உருகி மெர்செட் பாய்ந்து ஓடும், பிம்பம் உடைந்துபோகும். கோடை முடிவிலிருந்து குளிர்காலம் வரை நீர் குறைந்திருக்கும் மாதங்களில், காற்றில்லாத நேரம் பார்த்துப் போங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு விஷயம். உச்சி எத்தனை பாகை மேலே தெரிகிறதோ, அதன் பிம்பம் அத்தனை பாகை கீழே விழும். கதீட்ரல் பீச் போலப் பாறைக்கு அருகே இருக்கும் கரையில், 45 பாகை என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமராவுக்கு உச்சியின் பிம்பம் ஒன்றரை மீட்டர் முன்னால்தான் இருக்கும். அந்த இடத்தில் மணல் இருந்தால் பிம்பத்தில் தலை இல்லை. ட்ரைபாடைத் தண்ணீர் ஓரத்துக்கே கொண்டுபோக வேண்டும். மேலும் கீழும் சேர்த்து 90 பாகை தேவை, அதாவது 17 மி.மீ. நெடுவாக்கில். வேலி வியூவில் தூரம் அதிகம், உச்சி 20, 25 பாகையில் நிற்கும், 35 மி.மீ. போதும்.

பளபளப்பைக் குறைக்கும் சுழல் ஃபில்டரான போலரைசரைக் கவனமாகத் திருப்புங்கள். கண்டபடி திருப்பினால் அது பிம்பத்தையே அழித்துவிடும்.

வேலி வியூ நார்த்சைட் டிரைவில், பள்ளத்தாக்கை விட்டு வெளியே போகும் திசையில் இருக்கிறது. அது ஒருவழிப் பாதை. தவறவிட்டால் முழுச் சுற்று சுற்றித்தான் திரும்ப வர முடியும், அதற்குள் வெளிச்சம் போய்விடும்.

கேள்வி: பாறை வெள்ளையா வெளிறிப்போகுது, இல்லேன்னா மரமெல்லாம் கறுப்பு. ஏன்?

நம் ஊர்க் கருங்கல்லை மனதில் வைத்து எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். இது வெளிர்சாம்பல் கல். கேமரா, சட்டத்தில் பெரும்பகுதியாக இருக்கும் கரும்பச்சைப் பைன் மரங்களைப் பார்த்து எக்ஸ்போஷரை ஏற்றிவிடுகிறது. ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் வெயில் படும் பாறையை அளந்து, அதற்கு மேல் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்கு) மட்டும் கூட்டுங்கள். ரா (கேமரா பதப்படுத்தாத மூலக்) கோப்பாக எடுத்தால் நிழலைப் பிறகு தூக்கலாம். எரிந்துபோன, அதாவது வெறும் வெள்ளையாகிவிட்ட பாறையை மீட்க முடியாது. இடைவெளி அதிகமென்றால் இரண்டிரண்டு ஸ்டாப் வித்தியாசத்தில் மூன்று படம் எடுத்து இணைக்கலாம். மேல்பாதி மட்டும் இருண்ட கிராஜுவேட்டட் ஃபில்டர் இங்கே உதவாது, அதன் கோடு பாறையின் நடுவே இருட்டுப் பட்டையாக விழும்.

அஸ்தமன நேரத்தில் மொத்த ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தை) நம்பாதீர்கள். முதலில் எரிவது சிவப்புச் சானல்தான், அதைத் தனியாகப் பாருங்கள். வெள்ளைச் சமநிலையை 5,200 கெல்வின் அருகில் நிறுத்திவையுங்கள். ஆட்டோவில் விட்டால், நீங்கள் காத்திருந்த ஆரஞ்சு நிறத்தைக் கேமரா 'சரிசெய்து' விடும்.

கேள்வி: ட்ரோன் கொண்டு வரலாமா?

கூடாது. 2014 முதல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் தடை.

கேள்வி: மேலே ஏறிக்கிட்டு இருக்கறவங்க தெரியற மாதிரி எடுக்க எவ்வளவு பெரிய லென்ஸ் வேணும்?

900 மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆள், 600 மி.மீ. லென்ஸும் 24 மெகாபிக்சல் கேமராவும் இருந்தால் சுமார் 190 பிக்சல் உயரம் வருவார். 200 மி.மீ. என்றால் 60 பிக்சல், ஒரு புள்ளிதான். ஆனால் புள்ளியே போதும் என்பேன்: பாறையின் பிரம்மாண்டம் அந்தப் புள்ளியால்தான் தெரியும். பெரிய லென்ஸோடு வருபவர்களைக் கெடுப்பது கானல். வெயிலில் கல் சூடானதும் படம் நெளியும், ட்ரைபாடும் ஷட்டர் வேகமும் அதற்கு மருந்தல்ல. அதிகாலையே நேரம்.

கேள்வி: பிப்ரவரியில் அருவி நெருப்பாய் எரியுமாமே?

பாறையின் கிழக்கு ஓரத்தில் விழும் ஹார்ஸ்டெயில் அருவி அது. பிப்ரவரி நடுவிலிருந்து கடைசி வாரம் வரை, சுற்றியுள்ள பாறை நிழலுக்குப் போன பிறகும் கடைசி வெயில் அந்த ஓரத்தில் மட்டும் சில நிமிடம் தங்கும். இதற்கு மூன்றும் சேர வேண்டும்: மேலே பனி இருக்க வேண்டும், அது அன்று பகலில் உருக வேண்டும், மேற்கு வானம் திறந்திருக்க வேண்டும். அக்டோபரிலும் சூரியன் அதே கோணத்துக்கு வரும், ஆனால் அருவி வறண்டிருக்கும்.

100–400 மி.மீ. ஜூம், லென்ஸ் துளை எஃப் 8, ஆரஞ்சு எரியாதபடி ஒரு ஸ்டாப் குறைவாக. காற்றில் நீர் விசிறிப் பறக்கும், அதன் வடிவம் வேண்டுமென்றால் ஷட்டர் 1/250க்குக் குறையக்கூடாது. சாலையோரம் நிறுத்தக் கட்டுப்பாடு உண்டு. யோசெமிட்டி ஃபால்ஸ் நிறுத்தத்திலிருந்து ஒன்றரை மைல் நடந்து வரச் சொல்வார்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் கிளம்பும் முன் பூங்காவின் தளத்தைப் பாருங்கள். திரும்பும்போது இருட்டிவிடும், தலைவிளக்கு அவசியம்.

கேள்வி: கறுப்பு வெள்ளை ஃபிலிம் போடுகிறேன். சிவப்பு ஃபில்டர்தானே?

புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1927இல் இதே பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் பாறையைச் சிவப்பு ஃபில்டரில் எடுத்ததிலிருந்து எல்லோருக்கும் அந்த ஆசை. வானம் கறுக்கும், பைன் மரங்களும் கரிக்கட்டையாகும், மூன்று ஸ்டாப் வெளிச்சமும் போகும். ஆற்றையும் மரத்தையும் சேர்த்து எடுப்பதானால் ஆரஞ்சு மேல். இழப்பு இரண்டு ஸ்டாப்.

கேள்வி: ராத்திரி பாறையில் விளக்குப் புள்ளிகள் தெரியுமாமே, அதை எடுக்க?

சுவரிலேயே தொங்கித் தூங்கும் ஏறுநர்களின் தலைவிளக்குகள் அவை. முழுநிலவில் ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 2.8, 4 முதல் 8 நொடி. நிலவில்லாவிட்டால் 24 மி.மீ.க்கு 15 நொடி. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாகும். இருட்டிய பிறகு ஃபோகஸ் தேடாதீர்கள். அந்தியிலேயே பாறை மேல் ஃபோகஸ் வைத்து, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். குளிர்காலமானால் அறைக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். ஈரம் பைக்கு வெளியே படியும், லென்ஸ் தப்பிக்கும்.