வீட்டுக்காரர் கடலில் இருக்கும்போது மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தால்?

தங்கச்சிமடத்துச் சகோதரிக்கு: தாராளமாக நீங்களே விவரம் சொல்லலாம். குடும்பத் தலைவர்தான் வாசலில் நிற்க வேண்டும் என்று இல்லை. விசைப்படகில் ராத்திரி தங்கி விடிந்ததும் கரைக்கு வருகிறவர் உங்கள் வீட்டுக் கணக்கில்தான் வருவார். சவூதியில் இருக்கும் உங்கள் தம்பி விஷயம் வேறு. 2027 பிப்ரவரியில் ஆள் கணக்கெடுக்கும் நாட்கள் முழுக்க அங்கேயே இருந்தால் அவரை இங்கே எழுத மாட்டார்கள். அதனால் ரேஷன் கார்டில் பெயர் போய்விடுமோ என்று நீங்கள் கேட்டது வீண் பயம், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

நீங்களும் மீன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டால் வீடு பூட்டித்தான் கிடக்கும். அப்படியென்றால் சுய கணக்கெடுப்புதான் தோது. ஆள் வருவதற்கு முந்தைய 15 நாட்களில் அரசு இணையதளத்தில் மொபைல் நம்பர் கொடுத்து நீங்களே நிரப்பலாம். கடைசியில் ஓர் அடையாள எண் வரும். வருகிறவரிடம் அதைச் சொன்னால் சரி. வீட்டுக்காரர் போனில் மட்டும் வைத்தால் அது கடலுக்குப் போய்விடும், அடுப்படி காலண்டரிலும் எழுதி வையுங்கள்.

அப்புறம், ஆதார் காட்ட வேண்டியதில்லை, வாயால் சொன்னாலே போதும். பாங்கு கணக்கு எண் கேட்டால் கதவைச் சாத்துங்கள். நீங்கள் சொல்வது 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி ரகசியம். சொத்து வழக்கில்கூட அதைச் சாட்சியமாக எடுக்க முடியாது.