மூன்றாவது சீசன் எங்கும் கிடைக்கவில்லை: டோரண்டில் இறக்கலாமா?

கேள்வி: ஒரு வெளிநாட்டுத் தொடரின் முதல் இரண்டு சீசன்களைச் சந்தா கட்டி ஓடிடியில் பார்த்தேன். மூன்றாவது எங்கள் நாட்டில் வரவே இல்லை. இப்போது முதல் இரண்டையும் தளம் எடுத்துவிட்டது. காசு கொடுக்கத் தயார், வாங்கத்தான் வழியில்லை. டோரண்டில் இறக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான நாடுகளில் இது பதிப்புரிமை மீறல். சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்க அனுமதிக்கும் ஐரோப்பிய நாடுகளில்கூட, பிரதி எடுக்கப்படும் மூலம் முறையானதாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

நியாயம் தனிக் கேள்வி. விற்கப்படாத இடத்தில் விற்பனை இழப்பு கிடையாது. அந்த அளவுக்கு உங்கள் வாதம் சரி. சிக்கல் டோரண்டில் இருக்கிறது. அதில் யாரும் இறக்க மட்டும் செய்வதில்லை. கோப்பு சிறு துண்டுகளாக வருகிறது; வந்து சேர்ந்த துண்டு உடனே உங்கள் கணினியிலிருந்து மற்றவர்களுக்குப் போகத் தொடங்கும். அவர்களில் பலர் அந்தத் தொடர் விற்பனையில் இருக்கும் நாடுகளில் இருப்பார்கள். 'இங்கே கிடைக்கவில்லை' என்ற காரணம் உங்களுக்குப் பொருந்தலாம், நீங்கள் பரிமாறும் ஆளுக்குப் பொருந்தாது. திருட்டு ஸ்ட்ரீமிங் தளங்களும் மாற்று அல்ல: அங்கே விளம்பரப் பணம் தளம் நடத்துபவருக்குப் போகிறது, தொடரில் உழைத்தவருக்கு ஒரு காசும் போவதில்லை.

சந்தா இருந்தும் வசதிக்காகத் திருட்டுப் பிரதி பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பணம் கட்டினாலும் உங்கள் பார்வை கணக்கில் ஏறாது. அந்தக் கணக்கைப் பொறுத்து எழுத்தாளரின் வருமானம் மாறலாம். 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்றவற்றில் ஒன்று இது: பெரிய பட்ஜெட் ஓடிடி தொடருக்கு முதல் 90 நாளில், தளத்தின் உள்நாட்டுச் சந்தாதாரர் எண்ணிக்கையில் 20 சதவீதத்துக்கு இணையான பார்வைகள் கிடைத்தால், எழுத்தாளருக்குக் கூடுதல் தொகை.

இனி உங்கள் மூன்றாவது சீசன். 'கிடைக்கவில்லை' என்பது பல நேரம் 'சந்தாவில் கிடைக்கவில்லை' என்பதாகவே இருக்கும். சந்தா, வாடகை, விற்பனை மூன்றுக்கும் உரிமை தனித்தனியாகக் கைமாறுகிறது. சந்தாவிலிருந்து போன தொடர் டிஜிட்டல் கடையில் விலைக்கு இருக்கலாம். எந்தத் தொடர் எங்கே கிடைக்கிறது என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்து, மொழிபெயர்த்த பெயரில் மட்டுமல்லாமல் மூலமொழிப் பெயரிலும் தேடுங்கள். தேடல் தவறுவது பெரும்பாலும் பெயரால்தான்.

அடுத்தது வட்டு. இங்கே ஏமாறுபவர்கள் அதிகம். உலகின் எந்தப் பகுதிக்கான வட்டு என்பதைக் காட்ட டிவிடிக்கு 1 முதல் 6 வரை மண்டல எண்கள் உண்டு, புளூரேக்கு ஏ, பி, சி. உங்கள் பிளேயரின் மண்டலம் வேறாக இருந்தால் வட்டு ஓடாது. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தைப் பொதுவாக 5 முறைதான் மாற்றலாம். ஐந்தாவது முறை வைத்தது அப்படியே நிலைத்துவிடும். 4கே அல்ட்ரா எச்டி வட்டுகளில் மண்டலப் பூட்டு அநேகமாகக் கிடையாது. எந்த மொழியில் சப்டைட்டில் உள்ளது என்பதை வாங்குமுன் பெட்டியின் பின்பக்கப் படத்தில் பாருங்கள். விலை அதிகமென்றால், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முடியுமா என்று உங்கள் நூலகத்தில் கேளுங்கள்.

வேறு நாட்டிலிருந்து இணையத்துக்கு வருவதுபோல் காட்டும் விபிஎன் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சந்தா கட்டியே பார்த்தாலும் பெரும்பாலான தளங்களின் விதிகளுக்கு அது முரண். டோரண்டைவிடச் சிறிய தவறு என்பது எங்கள் கருத்து. உழைத்தவர் பக்கம் பணமாவது போகிறது.

இவை எதுவும் பலிக்காவிட்டால் காத்திருங்கள் என்றே சொல்வோம். காத்திருக்கும்போது, இறுதிப் பெயர்ப்பட்டியலில் உள்ள விநியோக நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: தொடரின் பெயர், சீசன் எண், உங்கள் நாடு, வாடகைக்கா விலைக்கா என்ற விவரம், இந்த நான்கும் போதும். பிறகு எங்காவது விற்பனைக்கு வந்து, வட்டு, டிஜிட்டல் இரண்டும் இருந்தால் வட்டையே வாங்குங்கள். டிஜிட்டலில் நீங்கள் வாங்குவது பார்க்கும் உரிமம்; கடைக்கும் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால் அதுவும் உங்கள் கணக்கிலிருந்து போய்விடக்கூடும்.