மனைவியின் நினைவு தவறென்றால் திருத்த வேண்டுமா?

கேள்வி: திருமணமாகி 22 ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் சேர்ந்து போன ஒரு இசை நிகழ்ச்சியைப் பற்றி, நடக்காததை நடந்ததாக என் மனைவி விருந்தினர்களிடம் சொல்கிறார். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார். திருத்துவது சரியா?

பதில்:

நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை திருத்திப் பார்த்திருக்கிறீர்கள். அன்றிரவு சாப்பாட்டுத் தட்டு மேசையில் எப்படி வந்து விழுந்தது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். இல்லையென்றால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள்.

முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அவர் சொல்லும் தவறு உங்களுக்குப் பாதகமானதா, சாதகமானதா? பாதகமென்றால் உங்கள் பாடு. சாதகமென்றால் என் கதையைப் படியுங்கள். 35 ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத கதை இது. என் மனைவிக்குத் தமிழ் காதில் விழுந்தால் பாதி புரியும், வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்கள். 1988 அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை, பக்கத்து நாடான ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் ஒரு பெரிய ராக் நிகழ்ச்சி நடந்தது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 40ஆம் ஆண்டை ஒட்டி ஆம்னெஸ்டி அமைப்பு நாடு நாடாக நடத்திய தொடரில் அதுவும் ஒன்று. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், டிரேசி சாப்மன், செனகலின் யூஸு என்டூர் எல்லோரும் ஒரே மேடையில். எங்கள் நாட்டுக்கு அவர்கள் வரமாட்டார்கள். நிறவெறி ஆட்சியை எதிர்த்துக் கலாசாரப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த காலம். அதையும் மீறிப் பணத்துக்காக சன் சிட்டி என்ற சூதாட்ட விடுதிக்கு வந்து பாடிய பெரிய பெயர்கள் உண்டு. அவர்களைப் பார்க்க நாங்கள் போகவில்லை. "வெள்ளைக்காரன் பாட்டுக்கு இவ்வளவு தூரமா" என்று கேட்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

போக மட்டும் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். மச்சானின் பழைய டொயோட்டாவில் நானும் மனைவியும் புறப்பட்டோம். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. உண்மையில் போக வேண்டியவன் அவன்தான். 1986இல் நாடு முழுவதும் அவசரநிலை அறிவித்தபோது பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம் விசாரணையில்லாமல் வைத்திருந்தார்கள். வெளியே வந்தவனுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. அவனிடம் ஒரு கசெட் இருந்தது. நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிக்கோவைப் பற்றி பீட்டர் கேப்ரியல் 1980இல் வெளியிட்ட பாட்டு அதில் இருந்தது. எங்கள் நாட்டில் தடை செய்யப்பட்ட பாட்டு என்பதால், மேலே 'முருகன் பஜனை' என்று எழுதி ஒட்டியிருந்தான். வீட்டைச் சோதனை போட்டவர்கள் முருகனைத் தொடவில்லை. பிக்கோ 1977 செப்டம்பரில் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தவர். அவர் மருத்துவம் படித்தது எங்கள் டர்பனில்தான். "அந்தப் பாட்டை எனக்காகக் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று மச்சான் சொல்லி அனுப்பினான்.

அது புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. மறுநாள் சனிக்கிழமைப் படையலுக்கு இருக்க மாட்டோம் என்பதற்காகவே மாமியார் எங்களோடு இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. ஆனாலும் கட்டுச்சோறு அவர் செய்ததுதான்: ரொட்டிக்குள் சுருட்டிய உருளைக்கிழங்குக் கறி, ஒரு பெரிய டப்பா நிறைய. பயணம் போகும் இந்தியக் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு போவது சிக்கனத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். வழியில் எங்களை உட்காரவைத்துப் பரிமாறும் கடை இருக்காது. 1986 வரை ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்கவே சட்டத்தில் இடமில்லை. ஜோகன்னஸ்பர்க் சாலை அதன் ஓரமாகத்தான் போகிறது. என் அப்பா அந்தப் பகுதியில் காரை நிறுத்தவே மாட்டார்.

புரட்டாசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து இங்கே வருபவர்கள், "தமிழர் என்கிறீர்கள், தமிழ் பேசமாட்டீர்களா?" என்று சிரிக்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் 342 பேர் இங்கே வந்து இறங்கினார்கள், கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும்தான் கிடைத்தன. நான் எழுதும் தமிழ், கோயில் கொட்டகையில் சனிக்கிழமை தோறும் பிரம்படி வாங்கியும், பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் படித்தும் வந்தது. மொழியை விட்டவர்கள்கூட விரதத்தை விடவில்லை. என்னிடம் சிரித்த ஒரு சென்னைக்காரர் புரட்டாசி இரண்டாம் வாரம் கோழிக்கறி கேட்டார். சரி, விடுங்கள். நானே யோக்கியன் இல்லை என்பது இப்போது தெரியப்போகிறது.

எல்லையில், பெய்ட்பிரிட்ஜில் லிம்போபோ ஆற்றைக் கடந்தோம். மஸ்விங்கோ வருவதற்குள் உருளைக்கிழங்குக் கறி தீர்ந்துவிட்டது. டப்பாவையும் வழித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை முழுவதும் வெறும் ரொட்டியும் வாழைப்பழமும்தான். மைதானமோ பிரம்மாண்டம். சீனர்கள் கட்டிக்கொடுத்து முந்தைய ஆண்டுதான் திறந்தது. எங்கள் நாட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி வந்திருந்தார்கள். டர்பனில் ஒரே பெஞ்சில் உட்கார முடியாதவர்கள், அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடினோம்.

நிகழ்ச்சி மணிக்கணக்காகப் போனது. எனக்குப் பசி. "காரைப் பார்த்துவிட்டு வருகிறேன், என்.டி. நம்பர் பலகையைப் பார்த்து யாராவது கண்ணாடியை உடைத்துவிடப் போகிறார்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். டர்பன் வண்டிகளுக்கு அந்த எழுத்துகள்தான். கார் பத்திரமாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு அம்மாள் கரியடுப்பில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்.

என்ன இறைச்சி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும்.

இரண்டாவது துண்டு வாயில் இருந்தபோது உள்ளே முரசு தொடங்கியது. மச்சானின் கசெட்டில் நூறு தடவை கேட்ட முரசு. ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கால் நகரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் கையில் இறைச்சி இருந்தது என்பதுதான் காரணம். பாட்டின் முடிவில் வார்த்தையில்லாத ஒரு ராகம் வரும். அதை மைதானம் முழுவதும் சேர்ந்து பாடியதை மதிலுக்கு வெளியே நின்று கேட்டேன். அடுப்பு அம்மாள் விசிறுவதை நிறுத்திவிட்டு அவரும் பாடினார். பிக்கோவுக்காக நான் அன்று செய்தது மென்றதுதான்.

ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். கையைப் பிடித்தேன். "கார் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டாள். வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக மேடையை விட்டு இறங்கியது, கடைசியில் முரசு மட்டும் நின்றது, கூட்டம் விடாமல் பாடியது, எல்லாவற்றையும் திரும்பி வரும் வழியில் அவள் சொல்லித்தான் கேட்டேன்.

வீட்டு வாசலிலேயே மச்சான் கேட்டான். ஏழு மாதம் உள்ளே இருந்தவனிடம் இறைச்சிக் கதையையா சொல்வது? "இரண்டு பேரும் கையை உயர்த்திக்கொண்டு நின்றோம்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து எத்தனை கல்யாண வீடு, எத்தனை பதினாறாம் நாள் சடங்கு! ஆசிரியராக இருந்தவன், கதை சொல்லத் தெரியும். முரசு, கூட்டம், உயர்த்திய கைகள் என்று அவளுடைய நினைவை எடுத்து என்னுடையதாக்கி விரிப்பேன். ஒருமுறைகூட அவள் குறுக்கிடவில்லை.

2023இல் பேத்தி பள்ளிப் பாடத்துக்காக அவளைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் செய்தித்தாளுடன் இருந்தேன். "அந்தப் பாட்டின்போது என் வலது கை மேலே இருந்தது. இடது கையை உன் தாத்தா பிடித்திருந்தார்" என்றாள். சாதாரணமாக, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். விருந்தினர் யாரும் இல்லை. என் பொய் அவளுக்குள் நினைவாகப் போய் உட்கார்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுடைய தம்பியை நினைத்து அவள் அழுத நேரத்தில் என்னை நானே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். இனி உண்மையைச் சொன்னால் அந்தக் கையையும் அவளிடமிருந்து பிடுங்குவதாகும். இதைக் கோழைத்தனம் என்று கீழே எழுதப் போகிறவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

பிறகு அவளே தொடர்ந்தாள். "அவர் கை முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கு."

"எண்ணெயா? எப்படி, ஆயா?" என்று பேத்தி கேட்டாள்.

"உருளைக்கிழங்குக் கறி" என்றாள் என் மனைவி. என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் திருத்தவில்லை.