மூட்டு வலி உள்ள அக்காவுக்கு எந்த ரிவோல்வர்?

கேள்வி: என் அக்கா பதினெட்டு வருஷமாக அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறார். வயது 58. சின்னக் கடை வைத்திருக்கிறார்; இரவில் தனியாகத்தான் பூட்டிக்கொண்டு வருவார். பாரமில்லாத பொயின்ட் 22 (குழல் வாய் 0.22 அங்குலம்) ரிவோல்வர் ஒன்று வாங்கப் பார்க்கிறார். சனி, ஞாயிறில் பேணி சுட்டுப் பழகவும் மற்ற நாளில் கூடவே வைத்திருக்கவும் ஒன்றே போதும் என்கிறார். விரல் மூட்டு வலி இருப்பதால், சுடும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும் உதை குறைவாக இருக்க வேண்டுமாம். "நீ கேட்டுச் சொல்லு தம்பி" என்று என்னிடம் விட்டுவிட்டார். இன்னொன்று, ஆடியில் ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவந்தால் படுவான்கரையில் எங்கள் வயலுக்கு வரும் யானையை விரட்ட உதவுமா?
— வாசகர், கல்லடி

பதில்: பொயின்ட் 22 உதைக்காது என்று அக்கா நினைத்தது சரிதான். ஆனால் அவருடைய விரலுக்குச் சோதனை வரப்போவது விசையில், அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் கொக்கியில். அமெரிக்காவில் இருந்த காலத்தில் சுடுகூடம் ஒன்றில் மூன்று வருஷம் வேலை செய்திருக்கிறேன். உதைக்குப் பயந்து இந்தச் சின்ன ரிவோல்வரை வாங்கிய வயதான அம்மாமார், விசையை இழுக்க முடியாமல் அடுத்த கிழமையே மாற்றித் தரக் கேட்டு வந்ததைப் பலமுறை பார்த்தேன்.

காரணம் ரவையிலேயே இருக்கிறது. பெரிய ரவைகளுக்குத் தீமூட்டும் பொடி அடியின் நடுவில் தனி மூடிக்குள் இருக்கும். பொயின்ட் 22 ரவைக்கு அது அடி விளிம்பின் மடிப்புக்குள். அந்தப் பித்தளை விளிம்பை நசுக்கினால்தான் பற்றும். அதற்குத் துவக்கின் பின்புறச் சுத்தியல் ஓங்கி அடிக்க வேண்டும், ஓங்கி அடிக்க அதைத் தள்ளும் சுருள்வில் கடினமாக இருக்க வேண்டும். அந்த வில்லை இழுப்பது உங்கள் அக்காவின் விரல். துவக்கின் பாரம் அரைக் கிலோகூட இல்லை, விசைக்கோ ஐந்து கிலோவைச் சுற்றிப் பலம் வேண்டும். இழுக்கும்போது முழுத் துவக்கும் ஆடும், குறி தாழும். பாரம் குறையக் குறைய இந்த ஆட்டம் கூடும்.

அதனால் கடைக்குப் போனதும் விற்பவரிடம் கேட்டு, போலி ரவை போட்டு, விசையைப் பத்து முறை தொடர்ந்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டாவது முறையில் விரல் நடுங்கினால் அந்தத் துவக்கு வேண்டாம். போலி ரவை இல்லாமல் இழுக்கக் கூடாது; பல பொயின்ட் 22 துவக்குகளில் வெறுமையாக அடித்தால், ரவையைக் குத்தும் ஊசி ரவை இருக்கும் அறையின் விளிம்பில் மோதிச் சேதமாகும்.

இனி எது என்பது. ஸ்மித் அன்ட் வெசன் 43சி ஏறத்தாழ 330 கிராம்தான், எட்டு ரவை போகும், சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் துணியில் சிக்காது. பையில் வைக்க அருமை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கடின இழுப்புத்தான், வேறு வழி கிடையாது. ரூகர் எல்சிஆர் 420 கிராம் அளவு, அதுவும் எட்டு ரவை, விசை எனக்கு இன்னும் வழுவழுப்பாகப் பட்டது. அதே ரூகரில் எல்சிஆர்எக்ஸ் என்று மூன்று அங்குலக் குழலும் வெளியே தெரியும் சுத்தியலும் உள்ளது ஒன்று உண்டு. கொஞ்சம் பாரம் கூட. பேணி சுடும்போது பெருவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு வைத்துவிட்டால் விசை மென்மையாகிவிடும், நீளக் குழலில் குறி பார்ப்பதும் சுகம். அக்காவுக்கு நான் சொல்வது அதைத்தான். பொயின்ட் 22 மெக்னம் என்ற பலம் கூடிய ரவையின் பக்கம் போக வேண்டாம். ரவை விலை கூட, சத்தம் காதைப் பிளக்கும், குட்டைக் குழலில் அதன் வேகமும் பாதி வீணாகும்.

பாதுகாப்புக்கு என்றால் பொயின்ட் 22 எனக்குத் திருப்தியான தெரிவு இல்லை. பலம் குறைவு, பற்றாமல் போகும் ரவையும் இதில்தான் கூடுதல். ரிவோல்வர் என்பதால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த ரவை வந்துவிடும், அது ஒரு ஆறுதல். (சுடுகூடத்தில் அப்படிச் செய்யக் கூடாது, பற்றாத ரவையை அரை நிமிஷம் இலக்குப் பக்கமே நீட்டிப் பிடித்திருக்க வேண்டும்.) கை தாங்குமானால், சற்றுப் பாரமான பொயின்ட் 38 ஒன்றை உதை குறைந்த ரவையோடு வாடகைக்கு எடுத்து ஒருமுறை சுட்டுப் பார்க்கட்டும். 38இல் விசை இவ்வளவு கடினம் இராது.

டெக்சாஸில் 2021 செப்டெம்பர் 1 முதல் 21 வயதான, சட்டத் தடை இல்லாத ஒருவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துவக்கு கொண்டு திரியலாம். ஆனாலும் பயிற்சி வகுப்புக்குப் போகாமல் வாங்க வேண்டாம். பைக்குள் சாவி, சில்லறையோடு சும்மா போடவே கூடாது. விசையை மூடும் உறையில், தனி அறையுள்ள பையில்தான் வைக்க வேண்டும். பேணிக்குப் பின்னால் மண் திட்டு இருக்கட்டும். இந்தச் சின்ன ரவை ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேலும் போகும், கல்லில் பட்டால் திரும்பியும் வரும். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு வேண்டும். ஈயப் புகை பட்ட கையைக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது.

ஊருக்குக் கொண்டுவரும் பேச்சை இன்றைக்கே விட்டுவிடுங்கள். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. கைத்துவக்குக்கு அனுமதி கொடுப்பது பாதுகாப்பு அமைச்சு. அனுமதி இல்லாமல் பெட்டியில் வந்தால் கட்டுநாயக்காவில் கைதுதான். பொயின்ட் 22 ரவை யானையைத் தடுக்கவும் மாட்டாது. காயம் சீழ்ப்பிடித்து, வலியில் மூர்க்கமான அந்த யானை பிறகு உங்கள் ஊர் ஆட்களைத்தான் துரத்தும். யானையைச் சுடுவது குற்றமும்கூட. யானை வந்தால் வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், மின்வேலி பற்றியும் அங்கேயே கேளுங்கள். பன்றிக்கும் குரங்குக்கும் பயிர்க் காவல் துவக்கு வேண்டுமென்றால் மட்டக்களப்புக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரிக்கலாம்.

அப்புறம், அக்கா ஆடியில் வரும்போது துவக்கு வைக்கிற கைப்பையைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள். தையல் மடிப்புக்குள் மறந்துபோன ஒற்றை ரவை இருந்தாலும் விமான நிலையத்தில் மறித்துவிடுவார்கள். பயணத்துக்கு வேறு பை எடுக்கட்டும்.