தொலைவூரில் நூலகர் வேலை: விண்ணப்பம் எங்கே சிக்குகிறது?

கேள்வி: நூலகவியலில் முதுநிலைப் பட்டம் முடித்துச் சில மாதங்கள் ஆகின்றன. என் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் காலியிடமே இல்லை. அதனால் தொலைவில் உள்ள நகரங்களுக்கும், ஓரிரு முறை வெளிநாட்டுக்கும் விண்ணப்பித்தேன். ஒரு நேர்காணலுக்குக்கூட அழைப்பு வரவில்லை. அனுபவம் இல்லாததாலா, வெளியூர் ஆள் என்பதாலா? எதை முதலில் சரிசெய்வது?

பதில்: இரண்டுமே காரணமாக இருக்கலாம், இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வெளியூர் முகவரியைப் பார்த்ததும் தேர்வுக் குழுவுக்கு மூன்று சந்தேகங்கள் எழும்: நேர்காணலுக்கு வருவாரா, எப்போது வந்து சேர்வார், ஆறு மாதத்தில் ஊர் திரும்பிவிடுவாரா? கடிதத்தில் பதில் இல்லையென்றால் குழு தானே ஒரு பதிலை வைத்துக்கொள்ளும், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. அனுபவமும் அப்படித்தான். ‘பட்டியலாக்கம் தெரியும்’, அதாவது நூல் விவரங்களை விதிப்படி பதிவு செய்யத் தெரியும் என்று எழுதினால் நம்ப ஆதாரமில்லை. செய்த வேலையைக் காட்டினால் பார்ப்பார்கள்.

அதற்கு முன் ஒன்று. ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அங்கே வேலை தேடாதீர்கள். எந்த வகை நூலகம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பொது நூலகங்களில் தொடக்க நிலைப் பணிகள் பல இடங்களில் பகுதி நேரமாகவே வரும். வாரத்துக்கு இருபது மணி நேர வேலைக்காகக் குடிபெயர்ந்தால் வாடகைக்கே போதாது. கூடவே, ஏற்கெனவே அங்கே உதவியாளராக இருப்பவர் போட்டியில் நிற்பார். பல்கலைக்கழக நூலகங்கள் வெளியூர்க்காரர்களுக்குப் பழகியவை. முதல் சுற்றை வீடியோவில் வைப்பார்கள், இறுதிச் சுற்று ஒரு முழு நாள்கூட நடக்கலாம். ஆனால் மெதுவாகத்தான் நகரும். கடைசித் தேதி முடிந்து மாதங்கள் கழித்து அழைப்பு வந்தாலும் ஆச்சரியமில்லை. எனவே மௌனத்தை உடனே நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்ட நிறுவனங்கள், மருத்துவமனைகள், ஆய்வுக்கூடங்கள் வைத்திருக்கும் சிறப்பு நூலகங்களில் ஆட்கள் குறைவு, முடிவு பெரும்பாலும் வேகமாக வரும். பள்ளி நூலகத்துக்குப் பல இடங்களில் ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். அந்தச் சான்று எல்லை தாண்டினால் தானாகச் செல்லுபடியாகாது.

தேடும்போது ‘நூலகர்’ என்ற சொல்லை மட்டும் போட்டால் பாதி வேலைகள் கண்ணில் படாது. மெட்டாடேட்டா (நூல் பற்றிய விவரத் தரவு), மின்வளங்கள், டிஜிட்டல் தொகுப்பு, ரெபாசிட்டரி (ஆய்வு வெளியீடுகளைச் சேமிக்கும் டிஜிட்டல் களஞ்சியம்), தகவல் ஆய்வு, ஆவணக் காப்பகம் ஆகியவற்றையும் போட்டுப் பாருங்கள்.

வெளிநாடு என்றால் விண்ணப்பத்துக்கு முன்னாலேயே இரண்டு விஷயங்களைத் தீர்க்க வேண்டும். அமெரிக்கா, கனடா விளம்பரங்களில் அமெரிக்க நூலகச் சங்கத்தின், அதாவது ஏ.எல்.ஏ.வின், அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் பட்டம் கேட்பது வழக்கம். ‘அல்லது அதற்கு இணையானது’ என்ற சொற்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பட்ட மதிப்பீட்டுச் சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அந்தச் சொற்கள் இல்லையென்றால், மனிதவளப் பிரிவுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிட்டு விண்ணப்பம் எழுத உட்காருங்கள். அடுத்தது பணி விசா. ‘விசா ஏற்பாடு செய்ய இயலாது’ என்று போட்டிருக்கும் விளம்பரத்துக்கு எவ்வளவு அழகான கடிதம் எழுதினாலும் வீண்.

இப்போது அனுபவம். காட்டுவதற்கான வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். கோஹா நியூசிலாந்தில் உருவாகி 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த இலவச நூலக மென்பொருள். டெபியன் அல்லது உபுண்டு போட்ட பழைய கணினியில் நிறுவிக்கொள்ளலாம். நிறுவுவதே ஒரு பாடம், சிஸ்டம்ஸ், அதாவது நூலகக் கணினி அமைப்புகள், பக்கம் போக நினைப்பவர்கள் தவறவிடக் கூடாது. அதில் கைவசம் உள்ள நூல்களுக்கு ஐம்பது மார்க் 21 (நூல் விவரங்களைக் கணினி படிக்கும்படி எழுதும் வடிவம்) பதிவுகள் செய்யுங்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் போன்ற இடங்களிலிருந்து இசட்39.50 (பிற நூலகப் பட்டியல்களில் தேடிப் பதிவுகளை எடுக்கும் நெறிமுறை) வழியாக இறக்கித் திருத்தியவை பாதி, சொந்தமாக எழுதியவை பாதி என்று இருக்கட்டும். எது எந்த வகை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இறக்கியதைச் சொந்தமாகச் செய்ததாகக் காட்டினால் அனுபவசாலி உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அந்த அனுபவசாலி முதலில் பார்ப்பது சின்ன விஷயங்களைத்தான். தலைப்புக்கான 245 ஃபீல்டில் (ஃபீல்டு என்பது பதிவின் எண்ணிட்ட பகுதி) இரண்டாவது இண்டிகேட்டர், அதாவது ஃபீல்டின் தொடக்கத்தில் வரும் ஓரிலக்கக் குறியீடு, அகர வரிசையில் எத்தனை எழுத்துகளைத் தாண்டிப் போக வேண்டும் என்பதைச் சொல்லும். ‘தி’ (The) என்று தொடங்கும் ஆங்கிலத் தலைப்புக்கு மூன்று எழுத்தும் ஓர் இடைவெளியும் சேர்த்து 4. அங்கே 0 போட்டால் அந்த நூல் ‘தி’யின் கீழ் போய் ஒளிந்துகொள்ளும். தமிழ்த் தலைப்புக்கு அந்தத் தொல்லை இல்லை, 0தான். வெளியீட்டு விவரத்துக்கு இன்னும் 260 ஃபீல்டைப் பயன்படுத்தினால் ஆர்.டி.ஏ. என்ற பட்டியலாக்க விதிகளுக்குப் பிறகு நீங்கள் எதையும் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். இப்போது 264 போட வேண்டும், பதிப்பாளருக்கு இரண்டாவது இண்டிகேட்டர் 1, காப்புரிமை ஆண்டுக்கு 4.

தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு கூடுதல் சீட்டும் உண்டு. ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்த தலைப்பை 245-இலும் தமிழ் எழுத்தில் உள்ளதை 880-இலும் வைத்து, இரண்டையும் ஃபீல்டுக்குள் வரும் ஆறாம் எண் துணைப்புலத்தால் இணைக்கும் பதிவுகள் பத்து இருந்தால், தெற்காசியத் தொகுப்பு வைத்திருக்கும் பல்கலைக்கழக நூலகங்களில் அது தனியாகக் கவனிக்கப்படும்.

இந்தப் பதிவுகளின் இணைப்பைக் கடிதத்திலேயே கொடுங்கள், தன்விவரத்தின் அடியில் புதைக்காதீர்கள். கடிதம் எழுதும்போது விளம்பரத்தை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். பொது நிறுவனங்களில் ‘கட்டாயத் தகுதி’ ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுத்தான் பெரும்பாலும் பட்டியலைச் சுருக்குவார்கள். ஆறு தகுதி கேட்டு நீங்கள் நான்கைப் பற்றி மட்டும் எழுதினால், மீதி இரண்டுக்கும் பூஜ்யம். அவர்கள் பயன்படுத்திய சொல்லையே பயன்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு தாருங்கள்.

தூரத்துக்கு ஒரு பத்தி போதும். இப்படி எழுதலாம்: “பணி ஆணை கிடைத்த நான்கு வாரத்தில் சேர முடியும். முதல் சுற்றுக்கு வீடியோவிலும், ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால் அடுத்த சுற்றுக்கு நேரிலும் வருவேன். உங்கள் பழைய நாளிதழ்த் தொகுப்பு டிஜிட்டலாக்கப்பட்டு வருவதாலேயே இந்த நூலகத்துக்கு விண்ணப்பிக்கிறேன்.” கடைசி வரிதான் முக்கியம். எந்த நூலகத்துக்கும் பொருந்தும் வரியாக அது இருந்தால் பயன் இல்லை. உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்து உள்ளூர்க்காரர் போலக் காட்டச் சிலர் யோசனை சொல்வார்கள். நாளைக் காலை நேரில் வாருங்கள் என்று அழைத்தால் அந்த யோசனை கவிழ்ந்துவிடும்.

நேர்காணல் அழைப்பு வந்ததும் நேர மண்டலத்தைச் சரிபாருங்கள். அவர்கள் நேரம், உங்கள் நேரம் இரண்டையும் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். விளக்கவுரை கேட்டால் கொடுத்த நிமிடத்துக்குள் முடியுங்கள். கேள்விகளில் ஒன்று அநேகமாக இப்படி வரும்: “ஒருவர் வந்து புற்றுநோய்ப் புத்தகங்கள் எங்கே என்று கேட்கிறார். என்ன செய்வீர்கள்?” டூயி பகுப்பில் (நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் முறை) 616.994 அலமாரி என்று கை காட்டுவது பாதி விடை. “எந்த மாதிரித் தகவல் தேடுகிறீர்கள்?” என்று திறந்த கேள்வியாகக் கேட்க வேண்டும். வந்தவர் பள்ளிக் கட்டுரைக்குத் தேடலாம், வீட்டில் ஒருவருக்கு நேற்றுதான் நோய் தெரிந்திருக்கலாம். “உங்களுக்கா?” என்று கேட்கவே கூடாது, மருத்துவ யோசனையும் சொல்லக் கூடாது. கிளம்பும் முன், தேடியது கிடைத்ததா என்று கேட்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பலர் விடுவது அதைத்தான். யார் எந்த நூலை எடுத்தார் என்று காவல்துறை கேட்டால் என்ன செய்வீர்கள் என்பது இன்னொரு கேள்வி. கவுண்ட்டரில் நின்றபடியே தரமாட்டேன், நூலகத்தின் எழுத்து விதிப்படி பொறுப்பாளரிடம் ஒப்படைப்பேன் என்பதே விடை.

வேலை உறுதி என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி வீட்டைக் காலி செய்ய வேண்டாம். எழுத்தில் வரட்டும். நிரந்தரமா, ஒப்பந்தமா, தகுதிகாண் காலம் எவ்வளவு, மாலை வார இறுதிப் பணி முறை என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். ஓராண்டு ஒப்பந்தமும் முதல் வேலைக்கு மோசமில்லை, ஆனால் போகும் செலவோடு திரும்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள். இடமாற்றச் செலவு தருவதாகச் சொன்னால், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா, அதற்கு வரி உண்டா என்று கேளுங்கள். வேலைக்காக உங்களிடமே பணம் கேட்பவர் மோசடிக்காரர். முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால், வாடகை முன்பணத்தைத் தவிர மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் கிளம்பாதீர்கள்.