குலசையும் 2040 நிலவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது எதுக்கு குலசேகரன்பட்டினத்துல இன்னொரு ஏவுதளம்? சும்மா பெருமைக்கா? (தூத்துக்குடி வாசகர்)

பெருமைக்கு இல்லீங்க, எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தான். பூமியோட துருவங்களுக்கு மேல சுத்துற சாட்டிலைட்டை அனுப்பணும்னா ராக்கெட் தெற்கு பார்த்து போகணும், ஆனா ஸ்ரீஹரிகோட்டால இருந்து தெற்கே போனா வழியில இலங்கை இருக்கு, எரிஞ்சு முடிஞ்ச பாகம் அங்க ஜனங்க தலையில விழக்கூடாதுல்ல? அதனால பிஎஸ்எல்வி ராக்கெட் முதல்ல தென்கிழக்கா போய், இலங்கையைத் தாண்டினதுக்கப்புறம் வானத்துலயே திரும்புது. அப்படித் திரும்புறதுக்கு எரிபொருள் செலவாகும், அந்த அளவுக்கு தூக்குற எடை குறையும். பெரிய ராக்கெட் எப்படியோ சமாளிச்சிடும். ஆனா எஸ்எஸ்எல்வி 500 கிலோ தூக்குற குட்டி ராக்கெட், அதுக்கு இந்த நஷ்டம் ரொம்பப் பெருசு. குலசைல இருந்து விட்டா இலங்கை கிழக்கே ஒதுங்கிடும், நேரா தெற்கே வெறும் கடல்தான். 2024 பிப்ரவரி 28ல அடிக்கல் நாட்டினாங்க. பெரிய ராக்கெட்டுக்கு எப்பவும் போல ஸ்ரீஹரிகோட்டாதான்.

அங்க கடலுக்குப் போற மீனவங்களுக்கு லாஞ்ச் தேதி முன்கூட்டியே தெளிவா தெரியணும், தொழில் போற நாளுக்கு ஈடும் கிடைக்கணும்ங்கிறது என் உறுதியான கருத்து.

கேள்வி: 2035ல சொந்த ஸ்பேஸ் ஸ்டேஷன், 2040ல நிலவுல இந்தியர்னு சொல்றாங்களே, நம்பலாமா? (கல்லூரி மாணவர், சேலம்)

நான் நம்புறேன், ஆனா தேதியை இல்ல, நடந்துட்டு இருக்கிற வேலையை. 2025 ஜனவரில ஸ்பேடெக்ஸ் பண்ணாங்களே, ஒவ்வொண்ணும் சுமார் 220 கிலோ இருக்கிற ரெண்டு சாட்டிலைட், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்துல ஓடிக்கிட்டே ஒண்ணோட ஒண்ணு மெதுவா சேரணும். ஜனவரி 12 அன்னைக்கு 3 மீட்டர் வரைக்கும் கிட்ட கொண்டுபோய்ட்டு, திரும்பவும் தள்ளி நிறுத்தி, டேட்டாவை எல்லாம் அலசிட்டு 16ஆம் தேதிதான் இணைச்சாங்க. 3 மீட்டர்ல நிறுத்தி பின்வாங்குற அந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடிச்சது. இது கைவரலேன்னா ஸ்பேஸ் ஸ்டேஷனும் கட்ட முடியாது, நிலவு மண்ணை எடுத்துட்டு வரப்போற சந்திரயான்-4ம் நடக்காது, ஏன்னா அது ரெண்டு ராக்கெட்ல தனித்தனியா போய் மேலதான் ஒண்ணு சேரணும்.

ஆனா கஷ்டமான விஷயம் ராக்கெட். இப்ப இருக்கிற எல்விஎம்3 பூமிக்குப் பக்கத்து சுற்றுப்பாதைக்கு சுமார் 8 டன் தூக்கும், நிலவுக்கு மனுஷனை அனுப்ப அது பத்தவே பத்தாது. 30 டன் தூக்குற புது ராக்கெட்டுக்கு 2024ல 8,240 கோடி ஒதுக்கியிருக்காங்க. ரொம்பக் குளிர வச்ச திரவ எரிபொருள்ல ஓடுற கிரையோஜெனிக் இன்ஜின் கதையை நினைச்சுப் பாருங்க, 1991ல சோவியத் யூனியனோட ஒப்பந்தம், அமெரிக்கா போட்ட தடையால தொழில்நுட்பம் வரல, நாமளே செஞ்சு 2010ல பறக்கவிட்டா தோல்வி, 2014 ஜனவரி 5லதான் ஜெயிச்சது. ஒரு இன்ஜினுக்கே இருபது வருஷத்துக்கு மேல! அந்தக் கணக்குல பார்த்தா 2040 ரொம்பக் கிட்ட இருக்கு. மனுஷனை விண்வெளிக்கு அனுப்புற, 2022ல போகும்னு சொன்ன ககன்யானே தள்ளிப் போயிருச்சு, உள்ள மனுஷன் உட்காரப் போறான், அதனால தாமதத்துக்கு நான் கோவப்பட மாட்டேன். ஆனா பிஎஸ்எல்வி-சி61 மாதிரி ஒரு லாஞ்ச் தோத்தா, ஏன்னு மக்களுக்கு முழுசா சொல்லணும், அதுல மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கேள்வி: பொண்ணு பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் படிக்கிறா. இஸ்ரோலாம் ஐஐடி பசங்களுக்குத்தான்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, நிஜமா? (ஒரு அம்மா, கரூர்)

இல்லவே இல்லம்மா. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல் டிப்ளமோ மெக்கானிக்கல்ல ஆரம்பிச்சவர்தான், அப்புறம்தான் பி.இ., திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடில பிஎச்டி எல்லாம். டிப்ளமோவுல முதல் வகுப்பு எடுத்தவங்களை டெக்னிக்கல் அசிஸ்டென்ட்டா எடுக்குறாங்க, நம்ம மகேந்திரகிரி மாதிரி ஒவ்வொரு மையமும் தனித்தனியா அறிவிப்பு விடும், அப்ரண்டிஸும் உண்டு. இப்பவே அந்த வெப்சைட்டை எல்லாம் அடிக்கடி பார்த்துட்டு வரச் சொல்லுங்க, முதல் வகுப்பை மட்டும் விட்டுடவே வேண்டாம்.