பொன்னாடை போட்டாயிற்று, பென்ஷனை யார் பார்ப்பது?

கேள்வி: வேலூர் மாவட்டம் கணியம்பாடி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் மாமனார் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து காலமானவர். அவர் நினைவாக நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், பத்தாவது படிக்கும் மகன் எல்லோரும் சேர்ந்து, ஒவ்வொரு படைவீரர் கொடி நாளிலும் ஊரிலுள்ள வயதான படைவீரர்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்துப் பொன்னாடை போட்டு விருந்து வைக்கிறோம். போன முறை 83 வயதுப் பாட்டி ஒருவர், "இந்தத் துணிய வச்சு நான் என்ன பண்ணட்டும்? நாலு மாசமா பென்ஷன் வரல, அதப் பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். அவர் கணவர் பட்டாளத்தில் நாயக் என்ற பதவியில் ஓய்வு பெற்றவர். பிரவுசிங் சென்டரில் மூவாயிரம் ரூபாய் கேட்கிறார்களாம். இன்னொரு பெரியவருக்கு வயது 74, ஆறு வருடம் பட்டாளத்தில் இருந்தும் பென்ஷனே கிடையாது. டிரஸ்ட் ஆரம்பித்து வசூல் செய்து இவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். வெளியாட்களான நாங்கள் இதில் எதுவரை தலையிடலாம்?

பதில்: தாராளமாகத் தலையிடலாம். ஆனால் ஒன்று. பாட்டியின் காகிதம் எதுவும் உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது, அவருடைய ஓடிபி உங்கள் போனுக்கு வரக்கூடாது. நீங்கள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். பென்ஷன் ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிற நான் இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், புரோக்கர்களில் பாதிப்பேர் உங்களைப் போல நல்ல மனதோடு "குடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று பி.பி.ஓ.வை, அதாவது ஓய்வூதியம் வழங்கும் உத்தரவை, வாங்கி வைத்துக்கொண்டவர்கள்தான்.

முதலில் பாட்டி விஷயம். குடும்ப ஓய்வூதியம் திடீரென்று நின்றால் பத்தில் ஒன்பது முறை காரணம் ஒன்றுதான். ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்ச் சான்று காலாவதியாகியிருக்கும். யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை, பணம் எங்கும் போய்விடவும் இல்லை. சான்று ஏறியதும் நின்றுபோன மாதங்களின் நிலுவையும் சேர்ந்தே வந்துவிடும். இதை அவரிடம் முதலில் சொல்லுங்கள். நான்கு மாதம் வராத பணம் இனி வரவே வராது என்று நினைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பயத்தில்தான் மூவாயிரம் கொடுக்கவும் சம்மதிப்பார்.

முன்பெல்லாம் வங்கியில் போய் மேனேஜர் முன்னால் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இப்போது ராணுவ ஓய்வூதியம் பெரும்பாலும் ஸ்பார்ஷ் என்ற முறைக்கு மாறிவிட்டது. பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகம் நேரடியாகக் கணக்கில் போடுகிறது. வங்கி வெறும் கணக்கு வைத்திருக்கும் இடம்தான். இதைப் பாட்டிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வழக்கம்போல வங்கியில் படிவத்தைக் கொடுத்திருப்பார். கவுன்டரில் இருந்தவர் "சரி, வச்சிட்டுப் போங்க" என்றிருப்பார். அந்தப் படிவம் இன்னும் அங்கேயே ஒரு டிராயரில் கிடக்கலாம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு விதவைக்கு, பணம் தரும் முறையை மாற்றிவிட்டோம் என்று ஒரு ஆளை அனுப்பிச் சொல்ல இந்த நாட்டில் வழியில்லாமல் போனதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இணையதளத்தில் அறிவிப்புப் போட்டோம் என்கிறார்கள். அவர் இணையதளமா பார்க்கிறார்?

சரி, செய்யவேண்டியது என்ன? உங்கள் மகள் ஒரு நல்ல ஆண்ட்ராய்டு போனோடு காலை வெளிச்சத்தில் பாட்டி வீட்டுக்குப் போகட்டும். உயிர்ச் சான்றுக்கான ஜீவன் பிரமாண் செயலியும், ஆதார் முகச் சரிபார்ப்புக்கான செயலியும் போனில் இருக்க வேண்டும். முதலில் போனை இயக்குபவரின் முகத்தைக் கேட்கும், அது மகளுடையது. அடுத்துப் பாட்டியின் முகம். இந்த வயதில் விரல்ரேகை தேய்ந்திருக்கும், அதனால் முகம் பிடிப்பதே சுலபம். வாசலில் நாற்காலி போட்டு வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை மெதுவாகச் சிமிட்டச் சொல்லுங்கள். கண்புரை இருந்தால் இரண்டு மூன்று முறை தவறும். பொறுமையாகத் திரும்பச் செய்யலாம்.

இனி வருவதுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். செயலியில் ஓய்வூதியம் அனுமதித்த அலுவலகம் எது, வழங்குவது யார் என்று இரண்டு கேள்வி வரும். இரண்டிலும் பாதுகாப்புத் துறை, பிரயாக்ராஜ் என்று வருவதைத்தான் தேர்வு செய்ய வேண்டும். பட்டியலில் பழைய பெயரான அலகாபாத் என்றும் இருக்கும். வழங்குபவர் என்ற இடத்தில் ஸ்பார்ஷ் என்று இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர் பையன் அவசரத்தில் பாட்டியின் வங்கிப் பெயரைத் தட்டிவிடுவான். சான்று எண் உருவாகிவிடும், பிரின்ட் அவுட்டும் கையில் வரும், காசும் வாங்கிக்கொள்வான். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. சான்று உருவானது வேறு, அது ஏற்கப்பட்டது வேறு. ஏற்கப்பட்டது என்று தெரியும்வரை வேலை முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பி.பி.ஓ. எண்ணும் பழைய பென்ஷன் புத்தகத்தில் உள்ளதல்ல, ஸ்பார்ஷுக்கு மாறியபின் கொடுத்த புது எண்.

போன் சரிப்படவில்லையா? பொதுச் சேவை மையத்தில் ஸ்பார்ஷ் வேலையை ஓய்வூதியர் காசு கொடுக்காமலே செய்துகொள்ளலாம். அந்தக் கட்டணத்தைத் துறையே ஏற்கிறது. போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுக்கும் வசதியும் இருக்கிறது, அதற்கு 70 ரூபாய். மூவாயிரம் எங்கே, எழுபது எங்கே?

அந்த வேலை முடிந்ததும் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பாட்டிக்கு 83 வயது என்கிறீர்கள். 80 முடிந்தால் அடிப்படைக் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். 85இல் அது 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதானால் 100 சதவீதம். அதற்கு அவருடைய பிறந்த தேதி பதிவில் இருந்தாக வேண்டும். அந்தக் காலத்தில் சேர்ந்தவர்கள் பலர் மனைவியின் பிறந்த தேதியைக் கொடுத்ததே இல்லை. பெயரும் ராணுவ ஆவணத்தில் கன்னியம்மா, ஆதாரில் கன்னியம்மாள், பான் கார்டில் முன்னால் ஒரு இனிஷியல் என்று மூன்று விதமாக நிற்கும். நம் ஊரில் இது ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். இதைத் திருத்த, கணவர் இருந்த படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு, அதாவது பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு, எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. என்ற மெட்ராஸ் பொறியாளர் பிரிவு என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி என்ற பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, இ.எம்.இ. என்ற மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு என்றால் செகந்திராபாத். பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கத்தில் ஆர்மி நம்பரும் படைப்பிரிவும் இருக்கும். மனுவை வேலூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், அதாவது எல்லோரும் சைனிக் போர்டு என்று சொல்லும் அலுவலகம், வழியாகவே அனுப்புங்கள். நேராக அனுப்பிய கடிதம் பதிலில்லாமல் கிடந்த கதைகள் என்னிடம் ஏராளம்.

அடுத்து 74 வயதுப் பெரியவர். இவரைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஊரில் இவர் மாதிரி ஆட்களை யாரும் கவனிப்பதில்லை. மிலிட்டரிக்காரர் என்றாலே பென்ஷன், கேன்டீன், நிலம் எல்லாம் இருக்கும் என்று ஒரு நினைப்பு. சிப்பாய் முதல் ஹவில்தார் வரையிலானவர்கள் பொதுவாக 15 வருடம் முடித்தால்தான் சர்வீஸ் பென்ஷன். அதற்கு முன் வெளியே வந்தவர்கள் பலருக்குப் பணிக்கொடை என்று ஒரு சிறு தொகை கிடைத்திருக்கும், அத்தோடு சரி. இப்படிப்பட்டவர்களுக்கு மத்திய சைனிக் போர்டில் வறுமை நிவாரண உதவி இருக்கிறது. ஹவில்தார் வரையிலான பதவி, 65 வயதுக்கு மேல், பென்ஷன் இல்லை, வேறு நிரந்தர வருமானம் இல்லை என்ற நிபந்தனைகள். மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை, 2025 நவம்பர் 1 முதல் 8,000 ஆக்கியிருக்கிறார்கள். இதே நிலையிலுள்ளவரின் விதவையும் கேட்கலாம்.

ஆனால் போய் விண்ணப்பிப்பதற்கு முன் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் ஒரே ஒரு வரியைப் படியுங்கள். வெளியேறிய காரணம் என்ற வரி. சொந்த விருப்பத்தில் வந்தாரா, ஆட்குறைப்பில் அனுப்பினார்களா, மருத்துவக் காரணமா, ஒழுங்கு நடவடிக்கையா? எந்த வருடம் வெளியே வந்தார்? 'முன்னாள் படைவீரர்' யார் என்ற விதி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் அவர் அதற்குள் வருவாரா என்று தீர்மானிப்பார்கள். அவர் வாயால் சொல்வதை நம்பி நிரப்பாதீர்கள். வயதானவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. "அப்பா செத்துட்டார்னு வந்துட்டேன்" என்பார், புத்தகத்தில் சொந்த விருப்பம் என்று இருக்கும். புத்தகம் தொலைந்துவிட்டது என்றாலும் விட்டுவிடாதீர்கள். ஆர்மி நம்பர் நினைவிருந்தால் ரெக்கார்ட் ஆபீசில் அவர் பணி விவரம் கேட்டு வாங்க முடியும். பட்டாளத்தில் இருந்தவர் ஆர்மி நம்பரை மறக்கமாட்டார், கேட்டுப் பாருங்கள். துருப்பிடித்த டிரங்குப் பெட்டியின் அடியில் மடித்து வைத்த ஒரு காகிதம் கிடைத்து, அதனாலேயே வேலை முடிந்ததும் உண்டு. அவர் இருந்தது எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். மாதிரியான படை என்றால் மட்டும் அது உள்துறை சம்பந்தப்பட்டது, சைனிக் போர்டு கதவைத் தட்டிப் பயனில்லை.

இப்போது டிரஸ்ட் யோசனை. வேண்டாம். பதிவு, வருடக் கணக்கு, தணிக்கை, வருமான வரி என்று உங்கள் குடும்பம் முழுக்க அதிலேயே மாட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியம், "ராணுவ வீரர் குடும்பத்துக்கு" என்று சொல்லி வசூலிப்பது இன்று ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. கையில் கொடி ஸ்டிக்கர், சீருடை போல ஒரு சட்டை, ரசீது புத்தகம். கொடி நாள் 1949இலிருந்து டிசம்பர் 7இல் நடக்கிறது. அந்த வசூல் மாவட்ட நிர்வாகம் வழியாக நடப்பது, தனியார் ரசீது அடித்து வாங்குவதல்ல. கொடுக்க விரும்பினால் கொடி நாள் நிதிக்கு ஆட்சியர் அலுவலகம் வழியாகவோ, மத்திய சைனிக் போர்டின் இணையதளத்திலோ கொடுங்கள். மேலே சொன்ன 8,000 ரூபாய் உதவியே அந்த நிதியிலிருந்துதான் வருகிறது. யோசனை சொன்ன அந்த ஆள் நல்லவராகவே இருக்கலாம். அப்படியானால் மாதம் ஒருநாள் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி ஓட்டட்டும்.

இன்னும் இரண்டு வகை ஆட்களிடம் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். "ஓ.ஆர்.ஓ.பி. அரியர்ஸ் வந்திருக்கிறது, பத்து சதவீதம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன்" என்று, 'ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்' திட்டத்தின் நிலுவையைச் சொல்லி வருபவர் ஒருவர். அந்தப் பணம் வரவேண்டியிருந்தால் தானாகவே கணக்கில் வரும். வழக்குப் போட்டால்தான் வரும் என்ற நிலை என்றால், சைனிக் போர்டு அலுவலகங்களில் இலவச சட்ட உதவி தரும் திட்டம் 2025 ஜூலையில் தொடங்கியிருக்கிறது, அங்கே முதலில் கேளுங்கள். இன்னொருவர் போனில் வருவார். ஸ்பார்ஷ் ஆபீசிலிருந்து பேசுகிறேன் என்று பி.பி.ஓ. எண்ணைக்கூடச் சரியாகச் சொல்வார். வாட்ஸ்அப்பில் ஒரு செயலி அனுப்புவார். அதைத் திறந்தால் கணக்கு காலி. உங்கள் மகன் ஒவ்வொரு வீட்டிலும் இதைப் பெரிய எழுத்தில் எழுதிப் போன் வைக்கும் இடத்தில் ஒட்டிவிடட்டும். பத்தாவது படிக்கும் பையனுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

பையனிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று யாரிடமும் கேட்க வேண்டாம். எந்த ஊரில் போஸ்டிங், சாப்பாடு எப்படி, லீவுக்கு ரயிலில் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். எழுதியும் வைக்கட்டும். வேலூர் மணிக்கூண்டில் இங்கிருந்து முதல் உலகப் போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் இறந்தார்கள் என்று கல்வெட்டு இருக்கிறது. எண்ணிக்கை இருக்கிறதே தவிர பெயர்கள் இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று சொல்லும் ஊர்ப்பக்கம் நீங்கள், உங்கள் தெருவில் உள்ளவர்களின் பெயராவது ஒரு நோட்டில் இருக்கட்டும். அப்புறம், கேன்டீன் கார்டைக் கொடுங்கள் என்று அந்தப் பெரியவர்களை நச்சரிக்கும் சொந்தக்காரர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அதை நீங்களே தடுத்துவிடுங்கள், சரக்கு வெளியே போனால் பிடிபடுவது கார்டுக்குச் சொந்தக்காரர்தான்.

விருந்தை நிறுத்தவேண்டாம். ஆனால் தேதியை மாற்றிப் பாருங்கள். முன்னாள் படைவீரர் தினம் ஜனவரி 14இல் வருகிறது, நமக்கு அது போகி, பொங்கல் நாள், யாரும் வரமுடியாது. அக்டோபர் முதல் ஞாயிறு அன்று வையுங்கள். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே உயிர்ச் சான்று கொடுக்கலாம். இலை போடுவதற்கு முன் மகள் வாசலில் போனோடு உட்கார்ந்துவிட்டால், சாப்பாடு முடிவதற்குள் அவர்கள் எல்லோருடைய சான்றும் ஏறிவிடும். அவரவர் ஆதார் எண்ணோடு இணைந்த போனையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சிலருக்கு அந்த எண் இறந்துபோன கணவருடையதாகவே இருக்கும், அதை விருந்துக்கு ஒரு வாரம் முன்பே ஆதார் மையத்தில் மாற்றிவிட வேண்டும்.

பாட்டிக்குச் சான்று ஏறி ஒரு மாதம் கழித்தும் பணம் வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். படைப்பிரிவின் பெயரும் பென்ஷன் நின்ற மாதமும் போதும். பி.பி.ஓ. நகலோ ஆதாரோ எனக்கும் அனுப்ப வேண்டாம்.